இலத்திரன் எந்தப் பக்கம் போனது

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், கம்பஸிலும் சொல்வார்கள். இல்லை என்று மறுக்க எனக்கு வாய் வராது. ஒரு மாசி மாதம், எங்கள் துறையின் பதில் தலைவர் நான் கொடுத்த கடிதம் ஒன்றில் கையெழுத்து வைக்காமல் ஐந்து நாள் இழுத்தடித்தார். அந்த ஐந்து நாளும் நான் அவரை மனதுக்குள் ஏசிய ஏச்சை எழுதினால் எந்த அச்சகமும் அடிக்காது. இப்போது அவரை எங்கே கண்டாலும் நானே வலியப் போய்ச் சுகம் விசாரிக்கிறேன். அவருக்கு அது கூச்சம் போல. சிரித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

நான் பெரியகல்லாற்றுக்காரி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் துறையில் தகுதிகாண் விரிவுரையாளராக இருந்தேன். தகுதிகாண் என்றால் வேறொன்றுமில்லை, குறித்த காலத்துக்குள் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் வேலை நிரந்தரம். எடுக்காவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்குக் குறித்த காலம் அந்தச் சித்திரையோடு முடிந்தது. எட்டு வருடம் இரண்டு பஸ் மாறிப் போய் வந்து, ஆய்வேட்டை ஒருவழியாகக் கட்டி ஒப்படைத்து, வாய்மொழிப் பரீட்சைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

என்ன ஆய்வு என்று ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். பௌதிகம் என்றதும் சனம் ஒன்றில் அணுகுண்டு என்று நினைக்கும், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் போனால் வந்து கூப்பிடும். நான் பார்த்தது கனமான மேசன்களின் தேய்வு, அதாவது உடைவு. மேசன் என்பது அணுவைவிடச் சிறிய ஒரு துணிக்கை, குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது. அதில் பி மேசன் என்று ஒன்று இருக்கிறது, கனமானது, கண் இமைக்கும் நேரம்கூட உயிர் வாழாமல் தானாக உடைந்துபோகும். அதை உண்டாக்கி உடைவதைப் பார்க்கும் பெரிய மெசின்கள் வேறு நாடுகளில் நிலத்துக்குக் கீழே இருக்கின்றன. அது எப்படி உடைய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்களைப் போன்றவர்களின் வேலை. அதற்குத் தாள் வேண்டும், பேனை வேண்டும், பொறுமை வேண்டும். மூன்றாவது என்னிடம் கொஞ்சம் குறைவு.

பி மேசன் உடைவதில் ஒரு வகையை மட்டும் சொல்கிறேன், அதில்தான் சிக்கல் வந்தது. உடைந்ததும் மூன்று துணிக்கைகள் வெளியே வரும். ஒன்று, கனம் குறைந்த இன்னொரு மேசன். மற்ற இரண்டும், ஆங்கிலத்தில் எலெக்ட்ரோன் என்கிற இலத்திரனும் நியூத்திரினோவும். மேசன் ஒரு பக்கம் பறக்க, இந்த இரண்டும் சோடியாக அதற்கு எதிர்ப்பக்கம் போகும். அந்தச் சோடியோடு கூடவே போகிற ஒருவர் இருந்தால், அவருடைய கண்ணுக்கு இலத்திரன் எந்தப் பக்கம் அதிகமாகப் பாயும்? மேசன் போன பக்கமா, அதைவிட்டு விலகும் பக்கமா? இதைக் கணக்கிட்டால் கடைசியில் ஒரு எண் வரும். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வந்தால் ஒரு பக்கம், கழித்தல் குறி வந்தால் மறுபக்கம். என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுக்க அந்த எண்தான். ஐந்தாம் அத்தியாயம் அதன் தலைமேல் கட்டியது. எனக்கு வந்தது கூட்டல்.

தை மாதக் கடைசியில் வெளிநாட்டுப் பரீட்சகரின் அறிக்கை வந்தது. இந்தத் துறையில் முப்பது வருடமாக இருக்கிற மனிதர் அவர். அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இதற்குள் வந்தேன். இரண்டு பக்க அறிக்கை, ஒன்றரைப் பக்கம் பாராட்டு. அதற்குப் பிறகு ஒரு பந்தி. நாலாம் அத்தியாயத்தின் எண், குறியில் எல்லோருக்கும் தெரிந்த முடிவுக்கு எதிராக இருக்கிறது. பரீட்சையில் விளக்க வேண்டும். பிழையென்றால் நாலும் ஐந்தும் திரும்ப எழுதப்பட வேண்டும். அவருடைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். கழித்தல் என்றுதான் இருந்தது.

இந்த நேரத்தில் ஓடிப்போய்க் கேட்க வேண்டிய என் மேற்பார்வையாளர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கனடாவில் படுத்திருந்தார். ஒரு மாதத்துக்கு எழுத்தே பார்க்கக் கூடாதாம். பரீட்சகரோடு நான் நேரே தொடர்புகொள்ளவும் கூடாது, அது விதி. ஆகவே தனியே உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். கூட்டல் வந்தது. இன்னொரு தரம் போட்டேன், அதே கூட்டல். பஸ்ஸில் வரும்போது மடியில் கொப்பியை வைத்துப் போட்டேன். குலுக்கலில் எழுத்துத்தான் கோணியது, குறி மாறவில்லை. ஒன்பது நாள் இப்படிப் போனது. சோறு இறங்கவில்லை. யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன்.

பத்தாம் நாள் என் அறையில் பழைய நூல்களைப் பரப்பிவைத்துத் தேடும்போது பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கணக்குகளில் ஒரு குறியீடு வரும். அதைச் சிலர் கூட்டலாக எடுத்துத் தொடங்குவார்கள், சிலர் கழித்தலாக. எதை எடுத்தாலும் சரி, தொடங்கியதை நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். நான் ஒரு வரியை ஒரு நூலிலிருந்தும் அடுத்த வரியை வேறு நூலிலிருந்தும் எடுத்திருக்கிறேன், இரண்டும் கலந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த இடத்தில் ஒரு கழித்தலைப் போட்டேன். எல்லாம் மடமடவென்று திரும்பி, கடைசியில் கழித்தல் வந்து நின்றது, பரீட்சகர் சொன்ன மாதிரியே. அழுதுவிட்டேன். பிழை விட்டதற்காக இல்லை, பிழை எது என்று தெரிந்துவிட்ட ஆறுதலில் வந்த அழுகை அது.

உடனே கடிதம் எழுதினேன். எனது நாலாம் அத்தியாயத்தில் குறிப்பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன், இரண்டு அத்தியாயங்களையும் மீள எழுத ஆறு மாத அவகாசம் தந்து பரீட்சையைத் தள்ளிவைக்கவும். ஆறு மாதம் என்றால் சித்திரை தாண்டிவிடும், வேலை கையை விட்டுப் போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிழையான கணக்கோடு பரீட்சைக்குப் போய்ப் பல்லிளித்துக்கொண்டு நிற்பதைவிட, பிழையென்று ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது மேல் என்று தோன்றியது. என் நேர்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவும் உண்மை.

எங்கள் இடத்தில் கடிதம் நேரே பதிவாளருக்குப் போகாது. 'துறைத் தலைவர் ஊடாக' என்று மேலே எழுத வேண்டும். தலைவர் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் அடுத்த மேசைக்கு நகரும். தலைவர் விடுமுறையில் இருந்தார். பதில் தலைவராக இருந்தவர் இலத்திரனியல் படிப்பிப்பவர், வவுணதீவுக்காரர், கம்பஸ் முடிந்ததும் வட்டைக்கு, தன் வயலுக்குப் போய் வேளாண்மை பார்க்கிறவர். எதையும் இரண்டு தரம் வாசிக்காமல் கையெழுத்து வைக்க மாட்டார். மாணவர்களின் சுற்றுலா விண்ணப்பத்தில்கூட பஸ்ஸின் ஆசனங்களை எண்ணச் சொன்னவர் என்று கதை உண்டு.

கடிதத்தை வாசித்தார். மேசையில் வைத்தார். பேனையை எடுக்கவில்லை.

"மிஸ், கோவிக்காதீங்க. பரிந்துரைக்கிறன் எண்டு நான் எழுதிறதெண்டா, பிழை பிழைதான் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

"நான்தானே சேர் சொல்றன், பிழை எண்டு."

"நீங்க முதல்ல சரியெண்டும் சொன்னீங்கதானே. அதுக்கும் இந்த மேசையிலதான் கையெழுத்து வைச்சது."

எனக்கு எரிந்தது. "சேர், நீங்க இந்தக் கணக்கெல்லாம் விட்டு எத்தின வருசம்?"

"இருவது இரிக்கும்."

"மறுகா எப்பிடிப் பாக்கப் போறீங்க?"

"மெல்லமாப் பாப்பம். உங்கட கணக்கத் தராதீங்க, பாத்தா அதே வழியால போயிருவன். விடையும் எனக்கு வேணாம். எது உடைஞ்சு எதெது வருது, என்ன தெரிய வேணும், அதமட்டும் தமிழில ஒரு தாளில எழுதித் தாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். மேசன் ஒரு பக்கம் போகிறது, சோடி மறுபக்கம் போகிறது, இலத்திரனுக்கு எந்தப் பக்கம் விருப்பம்? ஒன்றரை வரி. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது திங்கட்கிழமை. செவ்வாய் கேட்டேன், இன்னும் இல்லை என்றார். புதன் கேட்டபோது பழைய கொப்பி கறையான் அரித்துப்போச்சு, நூலகத்தில் புத்தகம் எடுத்திருக்கிறேன் என்றார். வியாழன் நான் கேட்கவில்லை, கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினேன். வெள்ளி அவர் வரவேயில்லை. வேளாண்மை வெட்டு, லீவாம். என் வாழ்க்கை அந்த ஆளின் சட்டைப் பையில் கிடக்க, அவர் நெல் வெட்டப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தோணி எஞ்சின் பழுதுபார்ப்பவர், எஞ்சின் சத்தத்துக்குப் பழகிய மனிதருக்கு என் சத்தம் ஒரு பொருட்டில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

சனிக்கிழமை காலை பதில் தலைவரிடமிருந்து அழைப்பு. "மிஸ், முடிஞ்சுது. வட்டையில நிக்கிறன், மெசின் வந்திட்டு, விட்டுட்டு வரேலா. வந்தீங்கெண்டா காட்டுவன்." விடை என்ன என்று கேட்டேன். நேரில் பார்த்தால்தான் விளங்கும் என்று வைத்துவிட்டார்.

கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வலையிறவுப் பாலத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து கடிதத்தின் பிரதியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பாலம் பாதி தாண்டியதும் அவர் திரும்பாமலே கேட்டார்.

"ஒண்டு கேக்கட்டா? வீட்டில நீ ஒரு நாளாவது பிழையெண்டு ஒத்துக்கொண்டிரிக்கியா?"

"ஏன் இப்ப?"

"இல்ல, உப்புக் கூடினாக்கூட என்ட நாக்குத்தான் பிழை. இதுக்கு மட்டும் என்னெண்டு இவ்வளவு கெதியா ஒத்துக்கொண்டாய் எண்டு யோசிச்சன்."

முதுகில் ஒன்று வைத்தேன். வவுணதீவு வரும்வரை அந்தக் கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே வந்தது.

வீதியோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். வெட்டு மெசின் வயலுக்குள் இரைந்துகொண்டு நின்றது. பதில் தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் சேறோடு வரம்பில் வந்தார். கம்பஸில் இஸ்திரி குலையாமல் பார்த்த மனிதரை அப்படிக் கண்டதும் என் கோபத்தில் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. காவல் குடிசையான வாடிக்குள் கூட்டிப்போய், பொலித்தீன் உறையிலிருந்து தாள்களை எடுத்தார். பழைய பரீட்சை வினாத்தாள்களின் பின்பக்கத்தில், பதினொரு பக்கம், மாணவன் மாதிரி வரி வரியாக எழுதியிருந்தார். இருபது வருடம் தொடாத கணக்கு. அடித்து எழுதிய இடங்கள் நிறைய. ஒவ்வொரு அடிப்புக்கும் பக்கத்தில் ஏன் அடித்தார் என்று ஒரு குறிப்பு.

"விலகிப் போகுது," என்றார். "இலத்திரன் மேசன விட்டு விலகித்தான் போகுது. எனக்கு நம்பிக்கை வரல்ல, அதால வேற வழியாலயும் பாத்தன்."

இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். இந்த உடைவை நடத்துகிற விசைக்கு இடக்கைப் பழக்கம். இடம் சுழியாகச் சுழலும் துணிக்கைகளை மட்டுமே அது தொடும். சோடி பெரும்பாலும் இடம் சுழியாகச் சுழன்றுகொண்டு மேசனுக்கு எதிர்ப்பக்கம் போகிறது. இலத்திரனும் இடம் சுழி. இரண்டின் சுழற்சியும் ஒத்துப்போக வேண்டுமென்றால் இலத்திரன் சோடி போகும் பக்கத்துக்கே பாய வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை. சேறு காய்ந்த விரல்களால் அவர் அதைச் சுழற்றிக் காட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு வருடம் படித்த எனக்கு ஒன்பது நாள் அது நினைவுக்கே வரவில்லை. நான் பார்த்ததெல்லாம் குறியைத்தான். கூட்டலா கழித்தலா என்று மண்டையை உடைத்தேனே தவிர, இலத்திரன் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

"உங்கட கோணத்த எங்கயிருந்து அளந்தீங்க?" என்று கேட்டார்.

ஆய்வேட்டின் பிரதி என் பைக்குள் இருந்தது. இரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். படம் ஒன்று, நானே கீறியது. கோணத்தைச் சோடி போகும் திசையிலிருந்து அளந்திருந்தேன். அப்படியானால் கூட்டல் என்றால் சோடி போகும் பக்கம், மேசனை விட்டு விலகும் பக்கம். முதலில் எழுதியது சரி. பரீட்சகரின் கட்டுரையைத் தொலைபேசியில் திறந்தேன். அவசரத்தில் இரண்டு தரம் வேறு பக்கம் வந்தது. அவர் கோணத்தை மேசன் போகும் திசையிலிருந்து அளந்திருந்தார். அங்கே நின்று பார்த்தால் அதே இலத்திரனுக்குக் கழித்தல்தான் வரும். அவரும் சரி, நானும் சரி. பிழை ஒன்றே ஒன்றுதான், பத்தாம் நாள் நான் கண்டுபிடித்துத் திருத்திய அந்தத் திருத்தம்.

அந்த வரியை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நூல்கள் இரண்டும் கலக்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நானே கவனமாக எல்லாவற்றையும் ஒரே வழக்கத்துக்கு மாற்றி, ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன். அது மறந்து அயத்துப்போய், இல்லாத பிழையைத் தோண்டி எடுத்திருக்கிறேன். முதல் வருட மாணவர்கள் பழைய வினாத்தாளின் விடையைப் பார்த்துவிட்டு, அது வரும்வரை நடுவில் எங்கேயாவது ஒரு கழித்தலைச் செருகுவார்கள். அவர்களுடைய கொப்பியில் சிவப்பு மையால் 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று எழுதுகிறவள் நான். பாலத்தில் என் கணவர் கேட்டதற்கு விடை அப்போதுதான் தெரிந்தது. பெரிய மனிதர் சொன்னார் என்று நான் பயந்துபோயிருந்தேன்.

பயம் போன விதத்தை எப்படிச் சொல்வது. முதலில் ஆய்வேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. மெசின் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். பசி வந்தது. பதினைந்து நாளுக்குப் பிறகு வந்த பசி. வெட்டுக்காரருக்கு வந்த சோற்றையும் மீன் குழம்பையும் நானும் கணவரும் வெட்கமில்லாமல் தின்றோம். சிவப்பரிசிச் சோறு அவ்வளவு ருசி என்று எனக்கு அதுவரை தெரியாது. சாப்பிட்டு முடிந்ததும் பதில் தலைவரைப் பார்த்து, "சேர், இந்த அஞ்சு நாளும் உங்கள நான் நல்லா ஏசினன்," என்றேன்.

"கதவில தெரிஞ்சுது," என்றார்.

அவர் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மேலே 'ஊடாக' என்பதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. நான் அதை நாலாகக் கிழித்து, வாடியில் தேநீருக்கு மூட்டியிருந்த அடுப்புக்குள் போட்டேன்.

பங்குனியில் பரீட்சை நடந்தது. மேசையைச் சுற்றி மூன்று பேர், சுவரில் பெரிய திரையில் வெளிநாட்டுப் பரீட்சகர். வெண்தலை, பின்னால் புத்தக அடுக்கு. முதல் கேள்வியே நாலாம் அத்தியாயம். நான் சமன்பாடு எதையும் எழுதவில்லை. கரும்பலகையில் மேசனுக்கு ஒரு அம்பு, சோடிக்கு ஒரு அம்பு கீறி, நான் கோணத்தை அளந்தது இங்கேயிருந்து, உங்கள் கட்டுரை அளந்தது அங்கேயிருந்து, இலத்திரன் போவது ஒரே பக்கம் என்றேன். பிறகு சுழற்சியைக் கைகளால் காட்டினேன்.

அவர் தன்னுடைய பிரதியில் என் இரண்டாம் அத்தியாயத்துப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தான் அந்தப் படத்தைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டதாகவும், தன்னுடைய எண்ணுக்கு எதிராக ஒரு குறியைக் கண்டதும் பிழை என்று எழுதிவிட்டதாகவும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர், மூன்று பேர் முன்னிலையில், சுற்றி வளைக்காமல் கேட்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார். நல்ல வேளை நீங்கள் மாற்றவில்லை; மாற்றி அனுப்பியிருந்தால் என் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டேன், நன்றியும் சொன்னேன். ஆனால் என் காதில் நின்றது அந்த முந்தைய வார்த்தை. கையெழுத்து ஒன்று விழுந்திருந்தால் அவரும் நானும் ஒரே பிழையில் ஒத்துப்போய், இரண்டு பேருக்கும் திருப்தியாய், அது என் பெயரோடு நூலக அலுமாரியில் ஏறியிருக்கும். ஒருவரும் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். வெளியே வந்து விறாந்தையில் நின்று கணவருக்கு எடுத்தேன்.

"என்ன, சரி வந்துதா?" என்றார். பின்னால் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"முதல்லயே சரியாத்தான் இரிந்திரிக்கு," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் அழுது முடியும்வரை மறுமுனையில் காத்திருந்தார்.